ஒன்பது வீட்டு ஆள்

உறையூரில் எங்கள் தெருவில் மொத்தம் ஒன்பது வீடுகள். ஒன்பதுக்கும் வாசல் கிழக்கே, புழக்கடை மேற்கே. புழக்கடையை ஒட்டிக் கோணவாய்க்கால் ஓடியது. ஓடியது என்று சொல்வது பழக்கதோஷம். நான் கல்யாணமாகி அந்தத் தெருவுக்கு வந்தபோது அது படுத்துக் கிடந்தது.

உய்யக்கொண்டானிலிருந்து பிரிந்து, எங்கள் புழக்கடைகளைத் தொட்டுக்கொண்டு போய், வெள்ளையம்மாளின் கீரைத்தோட்டத்தில் முடிகிற சின்ன வாய்க்கால் அது. நமக்கு வேண்டாததெல்லாம் அதற்கு வேண்டும் என்று தெருவில் எல்லோரும் நம்பினார்கள். தேங்காய் மட்டை, ஓட்டை முறம், கிழிந்த பாய், சாப்பிட்ட இலை எல்லாம் அங்கேதான் போயின. போட்டுவிட்டுக் கதவைச் சாத்திவிட்டால் அது ஊர்ப்பொது. பிறகு சாயங்காலம் காற்று வாங்க வரும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு, "இந்த ஜனங்க எப்பத்தான் திருந்துமோ" என்று அங்கலாய்க்கவும் உரிமை உண்டு. எங்கள் தெரு ஆண்கள் இதில் கெட்டிக்காரர்கள். என் வீட்டுக்காரரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வாய்க்காலில் தண்ணீர் போனால்தான் எங்கள் கிணறுகளில் ஊற்று இருக்கும். மேட்டூரில் அணை கட்டியாகிவிட்டது, இனித் தண்ணீருக்குப் பஞ்சமில்லை என்று பேப்பரில் போட்டிருந்ததாக ஆண்கள் பேசிக்கொண்டார்கள். பேப்பரில் வந்த தண்ணீர் எங்கள் கிணற்றுக்கு வரவில்லை. இரண்டு வருஷமாகக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு உய்யக்கொண்டான் கரைக்கு நடந்தவர்கள் நாங்கள். "இந்த வருஷம் வெயில் ஜாஸ்தி" என்று சொன்னவர்கள் அவர்கள்.

இனி வெள்ளையம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் கதைதான் இது.

ஒல்லியான உடம்பு. குரல் மட்டும் அந்த உடம்பில் எங்கே இருந்தது என்று தெரியாது. கீரை வாங்கும்போது "கொஞ்சம் வாடியிருக்கே" என்று யாராவது சொன்னால், "நீங்களுந்தான் வாடியிருக்கீங்க, வீட்டுல வெச்சுக்கலையா?" என்பாள். புருஷன் காலராவில் போய்ச் சேர்ந்துவிட்டான். தர்மராஜ் என்ற உறையூர்க்காரரின் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்து, தனி ஆளாகக் கீரை பயிரிட்டாள். பாத்தியில் அரைக்கீரை, முளைக்கீரை. வரப்பு நெடுக அகத்தி.

அகத்திதான் அவளுடைய கர்வம். ஏகாதசிக்கு மறுநாள் விடிவதற்குள் கூடை நிறைய அகத்தியோடு காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கம் போவாள். முதல் நாள் முழுப் பட்டினி இருந்த வைஷ்ணவர்கள், துவாதசியன்று அகத்திக்கீரை இல்லாமல் விரதத்தை முடிக்க மாட்டார்கள். சித்திரை வீதியில் ஒரு மாமி அவளைப் பார்த்ததும், "ஏண்டீ இவ்வளவு நாழி? ஆத்துல எல்லாரும் பாரணைக்குக் காத்துண்டிருக்கா, தீர்த்தம்கூட எடுத்துக்கலை" என்று பறப்பாளாம். இதை எங்களிடம் வந்து சொல்லும்போது வெள்ளையம்மாள் தலையைக் கொஞ்சம் உயர்த்திக்கொள்வாள்.

"ஒரு ஸ்ரீரங்கமே எனக்காகப் பட்டினி கெடக்குது தெரியுமா?"

அந்த வருஷம் அவள் தலை உயரவில்லை. அகத்தி மரங்கள் இலையுதிர்த்து நின்றன. தர்மராஜ் வந்து பார்த்துவிட்டு, "ரெண்டு வருஷமா தோட்டம் பொட்டலாக் கெடக்கு. இந்த ஆனியிலயும் கோணவாய்க்கால்ல தண்ணி வரலேன்னா வேற ஆளுக்கு விட்டுடறேன். தண்ணி விடற அன்னிக்கு வந்து பாப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவரையும் குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் வெள்ளையம்மாளுக்கு அந்தத் தோட்டத்தை விட்டால் உலகத்தில் வேறு ஒன்றும் கிடையாது. குடிசையும் அதே தோட்டத்தின் மூலையில்தான் இருந்தது. இருந்த விதையையெல்லாம் பாத்தியில் தூவிவிட்டு, வானத்தைப் பார்க்காமல் எங்கள் தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

காரணம், குடிமராமத்து. ஆனியில் தண்ணீர் விடுவதற்கு முன், வாய்க்காலால் பிழைக்கிறவர்கள் வீட்டுக்கு ஓர் ஆள் இறங்கித் தூர் வார வேண்டும் என்பது பழைய வழக்கம். எங்கள் தெருவுக்கு அது மறந்தே போயிருந்தது. மதகைத் திறந்து மூடும் லஸ்கர் பிச்சமுத்துவுக்கு மறக்கவில்லை. தெருவுக்குள் வந்து சத்தமாகச் சொன்னான்.

"வர்ற ஞாயித்துக்கெழமை வீட்டுக்கு ஒரு ஆளு எறங்கணும். ஒம்போது தலை எண்ணிப் பாப்பேன். வாய்க்கா சுத்தமா இருந்தா அன்னிக்கே மதகு தொறப்பேன். இல்லேன்னா பூட்டிக்கிட்டு அடுத்த வாய்க்காலுக்குப் போயிடுவேன். அப்பறம் ஆடி கடைசியிலதான் இந்தப் பக்கம் வருவேன்."

அன்று சாயங்காலமே பாக்கியநாதன் வீட்டில் கூட்டம் போட்டார்கள். பாக்கியநாதன் கோர்ட் குமாஸ்தா. சட்டையில் மடிப்பு கலையாத மனிதர். அவர் எழுந்து, கூலிக்கு ஆள் அனுப்புவது தெருவுக்கே கேவலம், அவரவர் வீட்டு மனிதரே இறங்க வேண்டும் என்று பிரசங்கம் செய்தார். பெரிய கடைவீதியில் அத்தர் கடை வைத்திருந்த கியாசுதீன் பாய், "வாஸ்தவம், வாஸ்தவம்" என்றார். காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருந்த என் வீட்டுக்காரர் சின்னையா எல்லோரையும் விட பலமாகத் தலையாட்டினார். அவர் அப்படித் தலையாட்டினால் செய்ய மாட்டார் என்று அர்த்தம். கல்யாணமாகி ஆறு மாசத்தில் அதைக் கண்டுபிடித்திருந்தேன்.

மறுநாளே புழக்கடையில் வெள்ளையம்மாளிடம் அவர் குசுகுசுவென்று பேசுவது காதில் விழுந்தது.

"எனக்கு இடுப்பு வலி. எங்க வீட்டு ஆளா நீ எறங்கிடு. அரிசி அளந்து விடச் சொல்றேன். ஆனா பக்கத்து வீட்டுக்காரங்க காதுல போட்டுடாதே. ஊர்லேருந்து மச்சினன் வர்றான்னு சொல்லி வெச்சிருக்கேன்."

"சரிங்க" என்றாள் வெள்ளையம்மாள்.

எனக்குத் தம்பியே கிடையாது. இவர் யாரை மச்சினன் என்கிறார் என்று கேட்கலாமா என்று யோசித்தேன். வெள்ளையம்மாளுக்கு அரிசியாவது கிடைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒன்பது வீட்டு ஆண்களும் வாய்க்கால் கரையில் வரிசையாக நின்றார்கள். குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, குடை பிடித்துக்கொண்டு. பாக்கியநாதன் பூசை முடித்து நேரே மாதா கோவிலிலிருந்து வந்திருந்தார். கியாசுதீன் பாய் மூக்கருகே அத்தர் பஞ்சு வைத்திருந்தார். அடுத்த வீட்டு ஆள் ஒழுங்காக வந்திருக்கிறானா என்று பார்க்க எல்லோரும் அக்கறையாக வந்திருந்தார்கள். புழக்கடைக் கதவுகளுக்குப் பின்னால் நாங்கள் நின்றோம்.

வாய்க்காலுக்குள் புடவையை வரிந்து கட்டி, மண்வெட்டியோடு வெள்ளையம்மாள் மட்டும் நின்றாள்.

லஸ்கர் மதகுக் கட்டையில் உட்கார்ந்து வீடு வீடாகக் கூப்பிட்டான்.

"அத்தர்க் கடை பாய் வீடு?"

"வந்தாச்சுங்க" என்றாள் வெள்ளையம்மாள்.

"குமாஸ்தா ஐயா வீடு?"

"வந்தாச்சுங்க."

"வெங்காய மண்டி வீடு?"

"அதுவும் வந்தாச்சுங்க."

லஸ்கர் நிமிர்ந்து பார்த்தான். "எல்லா வீட்டுக்கும் நீயே குரல் குடுக்கறே. ஆளுங்க எங்கே?"

"எல்லா வீட்டு ஆளும் நாந்தாங்க" என்றாள் அவள். "ஒவ்வொருத்தரும் தனித்தனியா வந்து, வெளியில சொல்லாதேன்னு கேட்டாங்க. முடியாதுன்னு சொல்லி ஒருத்தரும் ஆளு அனுப்பாமப் போயிட்டா தண்ணி வராதேன்னு பயம். எல்லாருக்கும் சரின்னுட்டேன். நான் ஒருத்தியே ஒம்போது ஆளு வேலையும் பாத்துடறேங்க. பொழுது சாயறதுக்குள்ள முடிச்சாப் போதும்ல?"

"வேலைய நீ பாத்துடுவேம்மா. தலைக்கு என்ன பண்ணுவே? உனக்கு ஒண்ணுதானே இருக்கு? ஓவர்சீயருக்கு நான்தான் பதில் சொல்லணும்" என்றான் லஸ்கர். குரலில் கோபம் இல்லை. பாவமாகத்தான் சொன்னான்.

அவ்வளவுதான், கரையில் வெடித்தது பாருங்கள்.

"பாய், உங்க மருமவன் வர்றதா சொன்னீங்களே?"

"உங்க தம்பி வர்றதா நீங்க சொல்லலை?"

கூலிக்கு ஆள் வைத்தது தப்பு என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. தான் வைத்த ஆளை மற்றவர்கள் வைத்துக்கொண்டதுதான் அவர்களுக்கு மகா அநியாயமாகப் பட்டது. வெள்ளையம்மாள் யார் வீட்டு ஆள் என்பதில் வழக்கு ஆரம்பமாயிற்று.

"நான் வெள்ளிக்கெழமையே சொல்லிட்டேன். முதல் பாத்தியதை எனக்குத்தான்" என்றார் பாக்கியநாதன்.

"நான் வியாழக்கெழமை மஃரிபு தொழுகைக்கு முன்னாடியே சொன்னேன். அல்லாமேல ஆணை" என்றார் பாய்.

"நான் அரிசியே குடுத்துட்டேன்" என்றார் என் வீட்டுக்காரர். எங்கள் வீட்டு மச்சினன் சமாசாரம் அத்தோடு தெருவுக்கே தெரிந்துபோயிற்று.

குமாஸ்தா சட்டம் பேசினார். பாய் நியாயம் பேசினார். சூரியன் மேலே ஏறிக்கொண்டிருந்தது. வெள்ளையம்மாள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. மதகிலிருந்து ஆரம்பித்து வெட்டிக்கொண்டே வந்தாள். மட்டையை எடுத்துக் கரையில் எறிந்தாள். குப்பையை அள்ளிக் கூடையில் போட்டு மேலே ஏற்றினாள். எறிந்த மட்டை ஒன்று குமாஸ்தாவின் காலடியில் விழுந்தது. அவர் ஒரு அடி தள்ளி நின்று வாதத்தைத் தொடர்ந்தார்.

பாய் வீட்டுப் புழக்கடைக்கு நேரே ஒரு மெத்தை கிடந்தது. சேற்றில் ஊறி எருமைக்கன்று மாதிரி கனத்துக் கிடந்தது. அவள் இழுத்தாள். வரவில்லை. காலை ஊன்றி மறுபடி இழுத்தாள். ஓரம் கிழிந்து, கையில் துணியோடு மல்லாக்க விழுந்தாள்.

இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். வெள்ளையம்மாள் எழுந்திருக்கவில்லை. சேற்றில் உட்கார்ந்தபடியே மேலே இருந்த குடைகளைப் பார்த்தாள்.

"சாமிகளா, உங்க யாரையும் நான் குத்தம் சொல்லலை. எதை வேணாலும் போட்டுக்கிட்டே இருங்க, வருஷா வருஷம் நானே அள்ளறேன். இன்னிக்கு ஒருநாள் தலைய மட்டும் காட்டுங்க. தண்ணி வரலேன்னா நாளைக்கு எனக்குத் தோட்டம் இல்லை, குடிசை இல்லை. வெதையெல்லாம் மண்ணுல போட்டுட்டேன்."

அவள் குரல் உடைந்து நான் கேட்டதில்லை. எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. இந்தக் குடைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஒடிக்கலாம் போல இருந்தது. ஆனால் நான் தெருவிலேயே இளையவள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் பாய் வீட்டுப் புழக்கடைக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. பாயின் மனைவி ஆபிதா. துப்பட்டி இல்லாமல் வெளியே வராதவர். அவர் குரலைத் தெரு ஆண்கள் அதுவரை கேட்டதே கிடையாது.

"அந்த மெத்தை நம்ம மெத்தைங்க" என்றது குரல், கணீரென்று. "சின்னவன் நனைச்சு நனைச்சு நாறிப்போச்சுன்னு நீங்கதானே தூக்கிப் போட்டீங்க? எறங்கி எடுங்க."

கியாசுதீன் பாயின் கையிலிருந்து அத்தர் பஞ்சு விழுந்தது. மற்ற எட்டுக் குடைகளும் அவர் பக்கம் திரும்பின. மனிதர் கதவைப் பார்த்தார், மெத்தையைப் பார்த்தார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, "யா அல்லா" என்று இறங்கினார்.

அது போதாதா? குமாஸ்தாவின் மனைவி லூர்துராணி ஸ்கூல் டீச்சர். வகுப்பில் பேசுகிற குரலிலேயே கூப்பிட்டார்.

"அங்கே தெரியுதே, அந்த நாற்காலி எங்களுது. மூணு கால்தான் இருக்கும், எண்ணிப் பாருங்க. நாலாவது கால் அடுப்புக்குப் போச்சு. என்ன நிக்கறீங்க? எறங்குங்க."

எனக்கும் வாய் திறந்துகொண்டது. "சாக்கோட கெடக்குதே அழுகின வெங்காயம், அது எங்க மண்டி வெங்காயம்! போன மாசம் போட்டது!" என்று கத்தினேன். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது.

ஒவ்வொரு கதவாகக் குரல் வந்தது. தொட்டில் எங்களுது, உரல் எங்களுது, அந்த ஓட்டை அண்டா எங்க மாமியார் சீதனம். அதுவரை யார் போட்டது என்றே தெரியாமல் கிடந்த சாமான்களுக்கெல்லாம் சொந்தக்காரர்கள் முளைத்தார்கள். கடைசியில் ஒரு கிழிந்த கோரைப்பாய்க்கு இரண்டு வீட்டார் சண்டையே போட்டார்கள். எதுவும் போடாத வீடு என்று பெயர் வாங்கினால் நமக்கு ஏதோ குறைச்சல் என்று ஆகிவிட்டது.

ஆண்கள் இறங்கினார்கள். குடைகளைக் கரையில் விரித்தபடியே வைத்துவிட்டு இறங்கினார்கள். பாக்கியநாதன்தான் கடைசி. சட்டையைக் கழற்றி, மடிப்பு கலையாமல் மடித்து, குடைக்கு அடியில் வைத்துவிட்டு வந்தார். முதல் அடியிலேயே தொடைவரை உள்ளே போனார். அவரை மேலே இழுத்த கியாசுதீன் பாயும் அவரோடு சேர்ந்து குப்புற விழுந்தார். அதன் பிறகு யாருக்கும் வெட்கம் இல்லை. தலையிலிருந்து கால்வரை சேறு பூசிக்கொண்டால் குமாஸ்தாவும் வியாபாரியும் ஒரே மாதிரிதான் இருக்கிறார்கள். நாங்கள் கரையில் நின்று கூடை வாங்கினோம். ஆபிதா துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு வந்து கூடை வாங்கினார். வெள்ளையம்மாள் நடுவில் நின்று எல்லோரையும் விரட்டினாள்.

"பாய், அது மண்வெட்டி, அத்தர்க் குச்சி இல்லை. அழுத்திப் போடுங்க. ஐயா, மண்ணை அடுத்த வீட்டுப் பக்கம் தள்ளாதீங்க, மேலே எறிங்க!"

லஸ்கர் வந்து தலைகளை எண்ணினான். வாய்க்கால் நெடுக நடந்து பார்த்தான். வெயில் சாய்வதற்கு முன்னால் மதகு திறந்தது.

புதுத்தண்ணீர் ஓடி வராது. நுரையையும் சருகையும் முன்னால் தள்ளிக்கொண்டு, நின்று நின்று, தரையை மோந்து மோந்து வரும். கிணறு ஊறும், வீட்டுக்குப் போய்க் குளிக்கலாம் என்று அவர்கள் போயிருக்கலாம். ஒருவரும் போகவில்லை. தங்கள் கையால் வெட்டிய பாதையில் தண்ணீர் வருவதைப் பார்த்து மெய்ம்மறந்து போனார்கள். குச்சியால் சருகை விலக்கிக்கொண்டு, குழந்தையை நடைபழக்குகிற மாதிரி "வா, வா" என்று கூப்பிட்டுக்கொண்டு, தண்ணீரோடு கூடவே வெள்ளையம்மாளின் தோட்டம்வரை நடந்தார்கள். நாங்களும் பின்னால் போனோம்.

தோட்டத்தில் தர்மராஜ் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் புதுக் குத்தகைக்காரன் ஒருவன். இருவரும் காய்ந்த பாத்திகளை அளப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளையம்மாள் அப்படியே நின்றுவிட்டாள்.

தண்ணீர் அவளைத் தாண்டிப்போய்த் தோட்டத்து மடையில் முட்டி நின்றது. தர்மராஜ் தண்ணீரைப் பார்த்தார். பிறகு சேறும் சகதியுமாக நின்ற கூட்டத்தைப் பார்த்தார்.

"யாரு இவங்கள்லாம்?"

வெள்ளையம்மாள் ஒரு கணம் விழித்தாள். பிறகு அந்தப் பழைய குரல் வந்தது.

"நம்ம ஆளுங்கதாங்க. வாய்க்கா வெட்டக் கூட்டியாந்தேன்."

"இத்தனை ஆளா?"

"பெரிய வேலைங்களே. வருஷா வருஷம் வருவாங்க."

என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். நான் முதுகில் ஒரு கிள்ளு கிள்ளினேன், மூடிக்கொண்டார். தர்மராஜ் புதுக் குத்தகைக்காரனைப் பார்த்து, "நீ போயிட்டு வாப்பா, பின்னால பாக்கலாம். இவ்வளவு ஆளு கட்டி மேய்க்கிறவகிட்டேருந்து தோட்டத்தைப் பிடுங்க முடியுமா?" என்றார். அவன் போனான். வெள்ளையம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். துடைத்ததில் சேறு இன்னும் பரவியது, அவ்வளவுதான்.

தர்மராஜ் மடைக்குப் பக்கத்தில் நின்ற ஒல்லி ஆளைப் பார்த்து அதட்டினார்.

"ஏய், என்னா மசமசன்னு நிக்கறே? மடையத் தொறந்து விடு."

அந்த ஒல்லி ஆள் பாக்கியநாதன். தர்மராஜுக்குக் கோர்ட்டில் ஒரு பாகப்பிரிவினை வழக்கு நடந்துகொண்டிருந்தது. வாய்தா தேதி தெரிந்துகொள்வதற்காக, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, இதே பாக்கியநாதனுக்கு முன்னால் அவர் எத்தனையோ தரம் நின்றிருக்கிறார். ஒவ்வொரு தரமும் பாக்கியநாதன் தலை நிமிராமலேயே "நாளைக்கு வாங்க" என்று அனுப்பியிருக்கிறார். இப்போது ஒரு வார்த்தை, "நான் யார் தெரியுதா?" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், தர்மராஜ் ஆடிப்போயிருப்பார். வெள்ளையம்மாள் சொன்னதும் பொய்யாகப் போயிருக்கும்.

பாக்கியநாதன் நிமிர்ந்தார். அவர் கழுத்து நரம்பு புடைத்ததை நான் பார்த்தேன். லூர்துராணி சிலுவை போட்டுக்கொண்டார். வெள்ளையம்மாள் குமாஸ்தாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு கையும் மார்பில் இருந்தன.

அவர் குனிந்தார். மண்வெட்டியை எடுத்து மடையை வெட்டினார். கோணலாகத்தான் வெட்டினார், பாதி மண் அவர் காலிலேயே விழுந்தது. தண்ணீர் பாத்திக்குள் நுழைந்தது.

"சரிங்க" என்றார் தர்மராஜிடம்.

கோர்ட் குமாஸ்தா பாக்கியநாதன், நாளைக்கு வா என்று சொல்லாமல், கேட்ட அந்த நிமிஷமே ஒருவர் காரியத்தை முடித்துக் கொடுத்தது அவர் சர்வீஸிலேயே அந்த ஒரு தரம்தான்.